டெலிகாம் கருவி கம்பெனிகளும் "யாரோ வாங்கப் போகிறார்கள்" என்ற பேச்சும்: உங்கள் அனுபவம் என்ன?

சென்னையிலிருந்து, தொடங்கியவர்:
ரவுட்டர், ஆப்டிகல் (ஒளியிழை வழியே தகவல் அனுப்பும்) கருவிகள் செய்யும் கம்பெனிகளைச் சுற்றி இந்தப் பேச்சு ஓய்ந்ததே இல்லை. பெரிய ஆர்டர் கொடுக்கிற டெலிகாம் கம்பெனிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், ஆராய்ச்சிச் செலவோ ஏறிக்கொண்டே போகிறது. அதனால் சின்னது பெரியதிடம் போய்ச் சேர்கிறது. அப்படிப் பேச்சு கிளம்பிய நேரத்தில் பங்கைக் கையில் வைத்திருந்தவர்கள் என்ன பார்த்தீர்கள்?

பெங்களூருவிலிருந்து:
என்னுடையது தேஜஸ் நெட்வொர்க்ஸ். 2017 ஜூனில் ஐபிஓவில் (முதல்முறை பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது) 257 ரூபாய்க்குக் கிடைத்தது. 2020 மார்ச்சில் 40 ரூபாய்க்கும் கீழே போனபோது அண்ணன் "வித்துத் தொலைடா" என்றார். ஆப்டிகல் கருவியை இங்கேயே டிசைன் செய்கிற கம்பெனி என்பதால்தான் வைத்திருந்தேன். கல்வான் மோதலுக்குப் பிறகு சீனக் கருவிகள் மேல் அரசின் பிடி இறுகியது. நம்பகமானவர்களிடம் மட்டுமே கருவி வாங்க வேண்டும் என்ற விதி 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அப்போது தேஜஸுக்குப் புரொமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முக்கியப் பங்குதாரர்) என்று யாரும் கிடையாது. அதனால் யாராவது பெரிய ஆள் வருவார் என்று பேச்சு.

2021 ஜூலை 29 அன்று டாடா சன்ஸ் வந்தது. தன் துணை நிறுவனம் பனடோன் ஃபின்வெஸ்ட் வழியாக 1,850 கோடி, பங்குக்கு 258 ரூபாய். ஐபிஓ விலையைவிட ஒரே ஒரு ரூபாய்தான் கூடுதல்! ஒருவர் ஒரு கம்பெனியின் பங்குகளில் 25 சதவீதத்தைத் தொட்டால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி மற்றப் பங்குதாரர்களிடமிருந்தும் 26 சதவீதம் வாங்க முன்வர வேண்டும்; இதுதான் ஓப்பன் ஆஃபர். அந்த ஓப்பன் ஆஃபர் நடக்கும்போது சந்தை விலை 258-ஐ நன்றாகவே தாண்டியிருந்தது. நண்பர் ஒருவர் "டாடாவே கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா?" என்று படிவத்தோடு வந்து நின்றார். செல்போனில் அன்றைய விலையைக் காட்டினேன். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாங்க வருகிறவரின் பெயரைப் பார்த்து மயங்காமல் அவர் சொல்லும் விலையைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சான் ஹோசேவிலிருந்து:
நான் சொல்வது ஜூனிப்பர், ரவுட்டர் செய்யும் அமெரிக்கக் கம்பெனி. ஹெச்பிஇ (ஹியூலெட் பேக்கர்டு என்டர்பிரைஸ்) அதை வாங்கப் போகிறது என்று 2024 ஜனவரி 8 அன்று செய்தி கசிந்தபோது விலை சுமார் 30 டாலர். மறுநாளே 36-ஐத் தாண்டியது. ஹெச்பிஇ பங்குக்கு 40 டாலர், மொத்தம் சுமார் 14 பில்லியன் தருவதாக ஒப்பந்தம் போட்டது. "40 உறுதியாகிவிட்டதே, சந்தையில் ஏன் 37?" என்று இங்கே நம் ஆட்கள் பலர் கேட்டார்கள். அந்த மூன்று டாலர்தான் காத்திருப்பதற்கும், ஒப்பந்தம் நடக்காமல் போகுமோ என்ற பயத்துக்கும் கிடைக்கிற கூலி.

பயம் வீண்போகவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்க நீதித்துறை இந்த இணைப்புக்குத் தடை கேட்டு வழக்குப் போட்டது. அலுவலக வைஃபை கருவிச் சந்தையில் ஹெச்பிஇ இரண்டாவது, ஜூனிப்பர் மூன்றாவது. இரண்டும் சேர்ந்தால் முதலிடத்தில் இருக்கும் சிஸ்கோவோடு இன்னொன்று மட்டுமே கோலோச்சும் என்பது வாதம். ஜூன் கடைசியில் சமரசம் ஆனது. ஹெச்பிஇ தன் இன்ஸ்டன்ட் ஆன் என்ற வைஃபை கருவிப் பிரிவை விற்க வேண்டும், ஜூனிப்பரின் மிஸ்ட் என்ற நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளின் ஒரு பகுதியை மற்றவர்களுக்கு உரிமம் தர வேண்டும். ஜூலை 2 அன்று பணம் வந்தது. 37-க்கு வாங்கியவருக்கு ஒன்றரை வருஷத்தில் மூன்று டாலர், கூடவே காலாண்டுக்கு 22 சென்ட் டிவிடெண்ட். அவ்வளவு பதற்றத்துக்கு இது போதாது.

சிங்கப்பூரிலிருந்து:
காத்திருந்து ஜெயித்ததும் உண்டு. அக்கேஷியா என்ற ஆப்டிகல் கருவி கம்பெனியைப் பங்குக்கு 70 டாலர் கொடுத்து வாங்க 2019 ஜூலையில் சிஸ்கோ ஒப்பந்தம் போட்டது. அதற்குத் தேவையான சீன அரசின் அனுமதி இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் அக்கேஷியாவின் வியாபாரம் வளர்ந்துவிட்டது. 2021 ஜனவரியில் ஒப்பந்தமே முறிந்தது என்று அக்கேஷியா அறிவிக்க, சிஸ்கோ நீதிமன்றம் போனது. ஒரு வாரத்துக்குள் பங்குக்கு 115 டாலர் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

ஒட்டாவாவிலிருந்து:
கனடாவின் டெலிகாம் கருவி கம்பெனி நார்டெல் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2000-இல் 124 கனடா டாலர் வரை போன பங்கு அது. 2009 ஜனவரியில் திவால் மனு போட்ட பிறகும், "இவ்வளவு தொழில்நுட்பம் இருக்கிறது, யாராவது வாங்குவார்கள்" என்று சில்லறைக் காசு விலையில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வாங்கவும்தான் செய்தார்கள். செல்போன் நெட்வொர்க் பிரிவுக்கு நோக்கியா சீமென்ஸ் 650 மில்லியன் டாலர் சொல்ல, எரிக்சன் ஏலத்தில் 1.13 பில்லியன் கொடுத்தது. ஆப்டிகல் பிரிவு சியெனா என்ற கம்பெனிக்கு 769 மில்லியனுக்குப் போனது. 2011-இல் காப்புரிமைகள் மட்டும் 4.5 பில்லியனுக்குப் போயின. பங்குதாரர்களுக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை, ஏனென்றால் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். "விற்பனைக்கு வருகிறது" என்று கேள்விப்பட்டால் இப்போது நான் முதலில் திறப்பது கடன் கணக்கைத்தான்.

சென்னையிலிருந்து, தொடங்கியவர்:
கடனைப் பாருங்கள் என்று ஒட்டாவாக்காரர் சொன்னது, நோக்கியா வாங்கிய ஆப்டிகல் கருவி கம்பெனி இன்ஃபினெராவுக்கும் பொருந்தும். நோக்கியா அறிவித்த 2.3 பில்லியன் டாலர் என்பது இன்ஃபினெராவின் கடனையும் சேர்த்த கணக்கு; பங்குக்கு 6.65 டாலர்தான். பணமா, நோக்கியா பங்கா என்று தேர்ந்தெடுக்கவும் விட்டார்கள். இன்ஃபினெராவின் பெங்களூரு அலுவலகத்தில் பங்கு வைத்திருந்தவர்கள் யாராவது இருந்தால், எதைக் கேட்டு வாங்கினீர்கள், ஏன் என்று சொல்லுங்கள்.