நம்ம வீட்டு குரூப்பில் மெக்கிண்டர்

தம்பி: பெரியப்பா எந்திரிச்சாச்சா? ஆப்ஷனல் ஜியாக்ரஃபில மெக்கிண்டரோட ஹார்ட்லேண்ட் தியரி ஓடிட்டிருக்கு, ஹார்ட்லேண்ட்னா ஐரோப்பா ஆசியாவுக்கு நடுவுல உள்ள நிலம், கிழக்கு ஐரோப்பாவ ஆள்றவன் கைல ஹார்ட்லேண்ட்னு ஆரம்பிக்கிற அந்த மூணு வரியும் மனப்பாடம், ஆனா எதுக்கு அப்படி சொன்னாருன்னு மண்டைல ஏறல

பெரியப்பா: காபியே குடிச்சாச்சுடா. அந்த மூணு வரி 1919ல எழுதினது, அங்க ஆரம்பிக்காத, 1904க்கு போ. ஜனவரி 25, லண்டன்ல ராயல் ஜியாக்ரஃபிக்கல் சொசைட்டி கூட்டத்துல மெக்கிண்டர் இத பத்தி ஒரு கட்டுரை வாசிச்சாரு

பெரியப்பா: இப்ப அட்லஸ எடு. வோல்கா எங்க போய் முடியுது? காஸ்பியன்ல, அது சுத்தி தரை சூழ்ந்த தண்ணி. ஓப், யெனிசி, லேனா மூணும் வடக்க ஓடி பனி உறைஞ்ச ஆர்க்டிக்ல விழுது. அப்போ கடல்ல எவ்வளவு பெரிய கப்பற்படை வச்சிருந்தாலும் ஆத்து வழியா உள்ள வர முடியாத பிரமாண்டமான நிலம் ஒண்ணு நடுவுல கிடக்கு, பிரிட்டனுக்கு பலமே கப்பல்தானே, அந்த நிலத்துல குதிரை ஓடின காலத்துல மங்கோலியர் வந்தாங்க, இப்ப ரயில் ஓட ஆரம்பிச்சிருச்சு, இனி கடல மட்டும் நம்பி உக்காந்திருக்க முடியாதுன்னு தன் நாட்டுக்காரங்கள எச்சரிச்சாரு. தியரிக்கு அடியில இருக்கிறது ஆறுடா, அத புடிச்சுக்கோ

நான்: பெரியப்பா அப்போ ஏரோப்ளேன்?

பெரியப்பா: நல்ல கேள்விம்மா. ரைட் சகோதரர்கள் பறந்து அப்ப ஒன்றரை மாசம் கூட ஆகல, ஆனா அதே கூட்டத்துல லியோ அமெரின்னு ஒருத்தர் எந்திரிச்சு, நாளைக்கு ஆகாய வழியும் வரும், தொழில் பலம் யாருகிட்டயோ அவன்தான் ஜெயிப்பான்னு பேசினாரு. அந்த அமெரிதான் 1940ல இருந்து 45 வரைக்கும் இந்தியா விஷயத்த பாத்த பிரிட்டிஷ் மந்திரி, வெள்ளையனே வெளியேறு நடக்கும்போது லண்டன்ல இருந்தவர்

அத்தை: அண்ணே இந்த மெக்கிண்டர் வாத்தியாரா அரசியல்வாதியா, எனக்கு அதே புரியல

பெரியப்பா: ரெண்டும்தாம்மா. 1861ல கெய்ன்ஸ்பரோன்னு ஒரு ஊர்ல டாக்டர் வீட்டுல பிறந்தவர். விலங்கியல், வரலாறு, சட்டம் எல்லாம் படிச்சிட்டு 26 வயசுல ஆக்ஸ்ஃபோர்ட்ல புவியியல் சொல்லிக்கொடுக்க வந்தாரு, சம்பளத்துல பாதி அந்த சொசைட்டி கொடுத்தது. அந்த காலத்துல புவியியல்னா ஊர் பேரும் ஆத்து பேரும் ஒப்பிக்கிறதுன்னு நெனச்சாங்க, மண்ணு எப்படி மனுஷன் வாழ்க்கைய மாத்துதுன்னு சொல்ற பாடம் அதுன்னு அவர்தான் சண்டை போட்டாரு. ஊர் ஊரா போயி வேலைக்கு போற ஜனங்களுக்கும் பாடம் எடுத்திருக்காரு. ரெடிங் காலேஜுக்கு முதல் பிரின்சிபால், அப்புறம் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கு டைரக்டர். நான் முப்பது வருஷம் இந்த பாடம் எடுத்தவன், இந்த ஒரு விஷயத்துக்காக அவர மறக்க மாட்டேன்

தம்பி: கென்யா மலை ஏறினது இவர்தானே?

பெரியப்பா: ஆமா, 1899 செப்டம்பர் 13. பட்டியான் சிகரம், 5199 மீட்டர். கூட ஒல்லியே, ப்ரோஷெரெல்னு ரெண்டு ஆல்ப்ஸ் மலைக்காரங்க

அத்தை: மூணு பேரு மட்டும் போயி ஏறிட்டாங்களா? மூட்டை தூக்கினவங்க?

பெரியப்பா: கரெக்டா கேட்டம்மா. அடிவாரம் வரைக்கும் சுமை தூக்கவும் வழி காட்டவும் போன ஆப்பிரிக்கர்கள் நூத்தி அறுபதுக்கு மேல. சாப்பாடு தேடி அனுப்புன ரெண்டு பேர் திரும்பி வரல, வழில கொன்னுட்டாங்க. பாடப்புத்தகத்துல அவங்க இல்ல, நான் ஒவ்வொரு வருஷமும் கிளாஸ்ல சொல்லிடுவேன்

அம்மா: பாவம், அவங்க வீட்டுல எவ்வளவு நாள் வாசல பாத்துட்டு இருந்திருப்பாங்க

நான்: அரசியலுக்கு எப்போ போனாரு

பெரியப்பா: 1900லயே லிபரல் கட்சில நின்னு தோத்தாரு. அப்புறம் இறக்குமதிக்கு வரி போட்டு பேரரசுக்குள்ளயே வியாபாரம் வச்சுக்கணும்னு பிரிட்டிஷ் அரசியல்வாதி ஜோசப் சேம்பர்லின் கிளம்பினதும் அந்த பக்கம் போயிட்டாரு. 1910ல கிளாஸ்கோ கேம்லாச்சி தொகுதில ஜெயிச்சு 1922 வரைக்கும் எம்பி. மந்திரி ஆகவே இல்ல. அதே 1910ல பிரிட்டிஷ் பள்ளிக்கூட பிள்ளைங்களுக்கு படம் போட்டு காட்ட இந்தியா பத்தி எட்டு பாடம் எழுதினாரு, முதல் பாடமே மெட்ராஸ். ஆளப்போற பிள்ளைங்களுக்கு ஆளப்படற ஊர காட்டுறதுக்குன்னு நினைக்கும்போது எனக்கு மனசு ஒப்பல, அவ்வளவு நல்ல வாத்தியார்

தம்பி: ரஷ்யாவுக்கு போனார்னு நோட்ஸ்ல ஒரு வரி இருக்கு

பெரியப்பா: அது முக்கியம்டா. 1919 கடைசில தெற்கு ரஷ்யாவுக்கு ஹை கமிஷனரா அனுப்பினாங்க, 1920 ஜனவரில அங்க போல்ஷ்விக்குங்கள எதிர்த்து சண்டை போட்ட தளபதி டெனிகின பாத்தாரு, ரஷ்யாவுல ஆட்சிய புடிச்ச அந்த கம்யூனிஸ்ட்டுங்களுக்கு எதிரா சுத்தி உள்ள நாடுகள எல்லாம் சேக்கணும்னு திரும்பி வந்து மந்திரி சபைல சொன்னாரு. பேப்பர்ல எழுதினத நேர்ல செஞ்சு பாக்க கிடைச்ச ஒரே சான்ஸ். யாரும் கேக்கல, டெனிகின் படை அதுக்குள்ள சரிஞ்சிட்டிருந்தது. ராஜினாமா பண்ணிட்டாரு. ஆனா ஜெர்மனில ஹௌஷோஃபர்னு ஒரு புவியியல்காரர் மெக்கிண்டர் கட்டுரைய உக்காந்து படிச்சாரு பாரு, சொந்த மந்திரி சபை தள்ளிவிட்டத எதிரி நாட்டுக்காரன் எடுத்துக்கிட்டான்

தம்பி: 1943லயும் ஒரு கட்டுரை வருதே

பெரியப்பா: 82 வயசுல எழுதினது, அதுல வட அட்லாண்டிக்க சுத்தி உள்ள நாடுகளுக்கும் சம எடை கொடுத்து தன் கருத்த தானே திருத்தினாரு. 1947ல இறந்துட்டாரு. பரிட்சைல இத எழுதாம விட்டுடாத, எல்லாரும் 1919ஓட நிறுத்திடுவாங்க

தம்பி: சரி பெரியப்பா, இப்ப மேப் போட்டு பாக்கறேன்

பெரியப்பா: முதல்ல ஆறெல்லாம் வரை, அப்புறம் நடு நிலம், அத சுத்தி கடலோரமா உள்ள நாடுகள் உள் பிறை, அதுக்கும் வெளிய கடல் தாண்டி உள்ள நாடுகள் வெளி பிறை. நம்ம இந்தியா உள் பிறைல வரும். சாயங்காலம் போட்டோ அனுப்பு, லேனா ஆறு சரியா போகுதான்னு பாக்கணும்