கொட்டேஷன் கொடுத்தால் பதிலே இல்லை, ஆர்டர் பிடிப்பது எப்படி? அவசரம்

ஜங்ஷன்_புதியவன்:
அண்ணாச்சிமார்களே, அச்சகத்துக்கு ஆர்டர் பிடிக்கிற வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. எங்கே போனாலும் "கொட்டேஷன் கொடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள். கொடுத்தால் அதோடு சரி, போன் கூட எடுப்பதில்லை. ஒருவர் "சிவகாசியில இதைவிடக் கம்மி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் நாலு ஆர்டராவது வேண்டும். ரேட்டை எவ்வளவு குறைக்கலாம்?

பாளை_ஆப்செட்:
என்ன வேலை தம்பி? நோட்டீசா, பில் புக்கா, கல்யாணப் பத்திரிகையா? எத்தனை காப்பி? எந்த மாதிரிக் கடைகளுக்குப் போகிறீர்கள்?

டவுன்_டிசைனர்:
ரேட்டில் ஒன்றும் இல்லை. டிசைன்தான் விற்கும். இரண்டு மாதிரி போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.

பழைய_கம்பாசிட்டர்:
இதெல்லாம் வேலைக்குச் சேருமுன் தெரிந்திருக்க வேண்டியது. நாலு கலர் என்றால் நாலு பிளேட், அதாவது கலருக்கு ஒரு அச்சுத் தகடு. ஐநூறு அடித்தாலும் நாலுதான், ஐயாயிரம் அடித்தாலும் நாலுதான். கலர் சேரும்வரை வீணாகிற தாளும் ஏறக்குறைய அதே. பாதி காப்பிக்கு ஏன் பாதி ரேட் வராது என்று விளக்கத் தெரியாதவன் ரேட்டைத்தான் குறைப்பான். நாலு நாள் மெஷின் பக்கத்தில் நின்றுவிட்டு வாருங்கள்.

ஜங்ஷன்_புதியவன்:
மன்னிக்கணும், ஆப்செட்தான். ஒர்க்‌ஷாப், பார்சல் ஆபீஸ், ஸ்கூல் எல்லா இடத்துக்கும் போகிறேன். எல்லாருக்கும் ஒரே ரேட் கார்டுதான் கொடுக்கிறேன்.

பைண்டிங்_அக்கா:
அந்த ரேட் கார்டை முதலில் பைக்குள் வையுங்கள் தம்பி. பார்சல் ஆபீசில் ரசீது வாங்கினால் மேல் மூலையில் சிவப்பு நம்பர் இருக்கும். 8,400 என்று வையுங்கள். "எதுவரைக்கும் அடிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். 10,000 என்றால் மீதி 1,600. ஒரு நாளைக்கு 80 ரசீது ஓடினால் இருபது நாளில் தீர்ந்துவிடும். பத்தாம் நாள் போய் நில்லுங்கள், அன்றைக்கு உங்கள் பேச்சைக் கேட்பார்கள். ஜூனில் திறக்கிற ஸ்கூலுக்கு ஏப்ரலிலேயே டைரி, ரிப்போர்ட் கார்டு பேச வேண்டும். மே கடைசியில் போனால் வேலை வேறு அச்சகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம், கொட்டேஷனில் தாள் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனம்), நம்பர் போடுவது, தையல், டெலிவரி எல்லாம் எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் 70 ஜிஎஸ்எம் ரேட்டை எவனோ கொடுத்த 58 ஜிஎஸ்எம் ரேட்டோடு ஒப்பிட்டுவிடுவார்கள்.

பாளை_ஆப்செட்:
அக்கா சொல்வது சரி. சிவகாசியோடு காலண்டரில் மோத வேண்டாம். அவர்கள் ஆடி 18-க்கே காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டுவிடுவார்கள். நம் பலம் பக்கத்தில் இருப்பது. சாயங்காலமே ப்ரூஃபை, அதாவது அடிக்குமுன் சரிபார்க்கிற மாதிரியை, நேரில் காட்டலாம்.

டவுன்_டிசைனர்:
அதற்கு நேரில் எதற்கு? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமே.

பழைய_கம்பாசிட்டர்:
போதாது. தாளில் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்குப் போனில்தான் ப்ரூஃப் அனுப்பினோம். வீட்டில் எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளை பெயரைப் பார்த்தார்கள், கிழமையை யாரும் பார்க்கவில்லை. ஞாயிறு திங்களாகி 600 பத்திரிகையும் திரும்ப அடித்தோம், எங்கள் செலவில்.

டவுன்_டிசைனர்:
அது டைப் செய்தவர் தவறு. வாட்ஸ்அப் என்ன செய்யும்? வெளியூர்க்காரர் கையெழுத்துப் போட அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வர முடியுமா?

பழைய_கம்பாசிட்டர்:
எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். கல்யாணம் அவர்கள் வீட்டுக் கல்யாணம்.

பைண்டிங்_அக்கா:
இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். பையன் கேட்டது ஆர்டர்.

ஜங்ஷன்_புதியவன்:
அக்கா, வண்ணாரப்பேட்டையில் ஒரு பார்சல் ஆபீசில் கேட்டேன். மீதி முந்நூறுதான்! 40 புத்தகம், பாதி அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். ரொம்ப நன்றி.

பைண்டிங்_அக்கா:
சந்தோஷம் தம்பி. புது நம்பர் எதிலிருந்து தொடங்கணும் என்று கேட்டீர்களா?