மேலத்தெரு சொந்தங்கள்

இசக்கி மாமா: ஏட்டி செல்வி, ஒரு ஃபார்வர்டு வந்திருக்கிறது. வெளிநாட்டில் புல்லுக்குள் வேறு ஜீனைச் செருகிவிட்டார்களாம், காற்றிலேயே பரவுமாம். நம் மாட்டுத் தீவனப் புல், கம்பு-நேப்பியர் ஒட்டு கோ 4-க்கும் வந்துவிடுமா?

செல்வி: வராது மாமா. நம் நாட்டில் அனுமதியோடு விளைகிற மரபணு மாற்றப் பயிர் பருத்தி மட்டும்தான்.

செல்வி: ஆனால் பரவும் என்பது பொய்யில்லை. 2003-இல் அமெரிக்காவின் ஆரிகனில், களைக்கொல்லிக்குச் சாகாத கோல்ஃப் மைதானப் புல்லைப் போட்டிருந்தார்கள். அதன் மகரந்தம் 21 கி.மீ. தள்ளி நின்ற புல்லில் விதை கட்டியது.

பாலா அத்தான்: சேரன்மாதேவியில் இருந்து திருநெல்வேலி டவுன் வரைக்கும்! அங்கேயும் ஆடிக் காற்றா?

செல்வி: பெரும்பாலும் 2 கி.மீ.க்குள்தான் அத்தான்.

இசக்கி மாமா: சரி, தலைமுறைக்குத் தலைமுறை எப்படிப் போகும்?

செல்வி: ஜீன்களைச் சுமக்கிற குரோமோசோம் ஜோடியாக இருக்கும். புது ஜீன் வழக்கமாக ஒன்றில்தான் ஏறும். அதனால் மகரந்தத்தில் பாதிக்கு உண்டு, பாதிக்கு இல்லை. பூவா தலையாதான். ரைகிராஸ் என்கிற தீவனப் புல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. நம் வீடு மாதிரி சொந்தத்தில் பெண் எடுக்கிற ஜாதி இல்லை. பக்கத்துச் சாதாரணப் புல்லோடு சேர்ந்தால் வாரிசில் பாதிக்கு வரும்.

பாலா அத்தான்: அப்போது பாதி, கால், அரைக்கால் என்று தேய்ந்துவிடுமே?

செல்வி: அங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள். தண்ணீர் விட்ட பால் மாதிரி ஜீன் நீர்த்துப் போகாது. கிடைத்த செடிக்கு முழுசாகக் கிடைக்கும். நூறு விதையில் ஐம்பதுக்கு வரும், அது போக அதன் மகரந்தம் அடுத்த செடிகளிலும் விதை கட்டும். அதனால் மொத்தப் புல்லில் அதன் பங்கு ஏறக்குறைய அப்படியே நிற்கும். களைக்கொல்லி அடித்தால் மற்றது செத்து, இதன் பங்கு கூடும்.

செல்வி: இன்னொரு கூத்து, ஜீன் இருந்தும் சில வாரிசுகளில் வாயே திறக்காது. பல நகல்கள் ஏறிவிட்டால் செடியே அதை அடக்கிவிடுவதுண்டு.

லட்சுமி அத்தை: உன் மாமா என் முன்னால் இருப்பது மாதிரி.

இசக்கி மாமா: அது கிடக்கட்டும். என் கோ 4?

செல்வி: கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28. இரண்டிலும் பாதி சேர்ந்து இதற்கு 21. ஒழுங்காக ஜோடி சேராது, விதையும் பிடிக்காது. வெளியில் இருந்து எந்த மகரந்தம் வந்து விழுந்தாலும் வாரிசு கிடையாது. தண்டைக் கரணையாக வெட்டி நட்டால்தான் உண்டு.

இசக்கி மாமா: கோவேறு கழுதை என்று சொல்லேன், புரிந்திருக்குமே.

லட்சுமி அத்தை: கரணை என்றதும் ஞாபகம் வருகிறது. பெரிய மதினி வாய்க்கால் ஓரம் நட முந்நூறு கேட்டார்கள்.

இசக்கி மாமா: இரண்டு கணு வைத்து வெட்டி வைக்கிறேன். பாலா, ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வா. சாக்கு நீயே கொண்டு வா, போன தடவை கொண்டுபோனது இன்னும் வரவில்லை.