டர்போவுக்கு ஆயில் லைன் எங்கிருந்து எடுப்பது?

திருமங்கலம். அப்பாவின் மஹிந்திரா எம்எம் 540 ஜீப், பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின். ஜனவரியில் வெளியில் வாங்கிய டர்போ (புகைப்போக்கி வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மாட்டினோம். அதன் பேரிங்குக்கு ஆயில் போக, எஞ்சினின் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் ஓட்டையில் டி (மூன்று வழி இணைப்பு) போட்டு லைன் எடுத்தோம்.

இப்போது ஆண்டிபட்டி கணவாய் ஏறி இறங்கி ஐடிலில் விட்டால் நீலப் புகை, டர்போ ஷாஃப்டிலும் ஆட்டம். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் ரிட்டர்ன் பைப்பைப் பெரிதாக்கி, சம்ப்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சரிவாக இறக்கினேன். புகை குறைந்தது, ஆட்டம் கூடிக்கொண்டே போகிறது. 15டபிள்யூ-40 ஆயில், ஃபில்டர் எல்லாம் புதிது. சூடான ஐடிலில் ஆயில் அழுத்தம் எஞ்சினில் 1 பார், டர்போவின் ஆயில் நுழைவாயில் 0.4 பார்தான். ஸ்விட்ச் ஓட்டை குறுகல் என்றே நினைக்கிறேன். ஃபில்டருக்கு முன்னால் எடுத்தால் அழுக்கு நேராக பேரிங்குக்குப் போகும், அது வேண்டாம்.

இந்த எஞ்சினில் செய்தவர்கள் சொல்லுங்கள்: மெயின் கேலரி (எஞ்சினுக்குள் ஆயில் ஓடும் முக்கியப் பாதை) பிளக்கில் எடுப்பதா, ஃபில்டர் அடியில் சாண்ட்விச் பிளேட் (ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும், ஆயில் எடுக்க ஓட்டையுள்ள தகடு) போட்டு எடுப்பதா?