எங்கள் பொடியின் பெயருக்கு வேறொருவர் டிரேட்மார்க் கேட்டிருக்கிறார், என்ன செய்வது?

பொடிக்கடை, திண்டுக்கல்:
வணக்கம். அம்மா 2012-இல் வீட்டில் ஆரம்பித்த இட்லிப் பொடி, ரசப் பொடி வியாபாரம் எங்களுடையது. பாக்கெட்டில் இருக்கும் பெயர் அம்மா வைத்தது. ஜிஎஸ்டி, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிமம் இரண்டும் அந்தப் பெயரில் இருப்பதால் பெயரும் எங்களுடையதுதான் என்று நினைத்திருந்தோம். நான்கு வருடம் எங்களிடம் சரக்கு எடுத்த விநியோகஸ்தர் போன வருடம் விலகினார். இப்போது அதே பெயரை 30-ஆம் வகுப்பில் (மசாலா, பொடி போன்ற சரக்குகளுக்கான பிரிவு) தன் பெயரில் பதிவு செய்யக் கேட்டிருக்கிறார். இணையத்தில் 'ஏற்று விளம்பரப்படுத்தப்பட்டது' என்று காட்டுகிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா, நேரில் போய்ப் பேசலாமா? அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கிண்டிவாசி:
நோட்டீஸ், பேச்சு எல்லாம் அப்புறம். டிரேட்மார்க் ஜர்னலில் (பதிவு அலுவலகம் விண்ணப்பங்களை வெளியிடும் இதழ்) எந்தத் தேதியில் வந்திருக்கிறது என்று உடனே பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து நான்கு மாதத்துக்குள் டிஎம்-ஓ படிவத்தில் எதிர்ப்பு போட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் வாங்க மாட்டார்கள், அவகாசம் கேட்கவும் வழி இல்லை. ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய். இன்னொன்று, விண்ணப்ப எண்ணைப் போட்டால் அவர் ஏற்றிய ஆவணங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த வருடத்திலிருந்து பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்?

மளிகை ராஜா:
தம்பி, நீங்களும் அதே பெயருக்கு ஒரு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். யார் பழைய ஆள் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கிண்டிவாசி:
ராஜா அண்ணே, அது மட்டும் போதாது. யாரும் எதிர்க்காவிட்டால் அவருக்குச் சான்றிதழ் வந்துவிடும். அதன் பிறகு டிரேட்மார்க் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் அந்தப் பதிவை நீக்கக் கேட்டு பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ அலைய வேண்டும். சொந்த விண்ணப்பமும் அவசியம்தான். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் 4,500 ரூபாய். ஆனால் எதிர்ப்பு முதலில்.

பொடிக்கடை, திண்டுக்கல்:
பார்த்தேன். ஜர்னல் வந்து மூன்று மாதமும் ஒன்பது நாளும் ஆகிவிட்டது. பயன்பாடு என்ற இடத்தில் 'இனிமேல் பயன்படுத்த உத்தேசம்' என்று போட்டிருக்கிறார். நான்கு வருடம் எங்கள் பாக்கெட்டைத்தானே விற்றார்! எனக்குக் கை நடுங்குகிறது.

கிண்டிவாசி:
நடுங்க வேண்டாம், அந்த வரி உங்களுக்குச் சாதகம். இந்தப் பெயரை இன்னும் பயன்படுத்தவில்லை என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். நம் சட்டத்தில் முதலில் பயன்படுத்தியவருக்குப் பெரிய பலம் உண்டு. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா பெயர் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம், முந்தைய பயன்பாட்டின் உரிமை பதிவு தரும் உரிமையைவிட மேலானது என்று தெளிவாகச் சொன்னது. 34-ஆம் பிரிவும் அதைத்தான் காக்கிறது. ஆனால் பயன்பாட்டைக் காகிதத்தில் காட்ட வேண்டும். லேபிள் அடித்த பிரஸ் பில், கடைகளுக்குக் கொடுத்த பழைய ரசீது, கண்காட்சி ஸ்டால் கட்டணம், தேதியுள்ள போட்டோ, எல்லாவற்றையும் எடுங்கள். முக்கியமாக அந்த விநியோகஸ்தருக்கே நீங்கள் போட்ட பில்கள். பெயர் உங்களுடையது என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

செல்வி, கோவை:
எங்கள் ஊறுகாய்க்கும் இப்படி நடந்தது, அதனால் சொல்கிறேன். பாக்கெட்டில் வட்டத்துக்குள் ஆர் போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவது 107-ஆம் பிரிவுப்படி கூடாது, அபராதம் வரும். டிஎம் என்று போடலாம், தப்பில்லை.

பொடிக்கடை, திண்டுக்கல்:
நல்லவேளை, போடவில்லை அக்கா. இன்னொரு பயம். அந்த விநியோகஸ்தர் எங்கள் அரவை இடத்துக்கு வந்து போனவர். பொடியில் சேர்க்கும் பொருட்களின் அளவுக்கு பேட்டன்ட் வாங்கிவிடலாமா?

கிண்டிவாசி:
வேண்டாம். வெறும் கலவை என்றால் பேட்டன்ட் சட்டத்தின் 3(e) பிரிவு தடுக்கும். பரம்பரை அறிவுக்கு 3(p) தடை. அதோடு பேட்டன்ட் கேட்டால் செய்முறையை முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும், பதினெட்டு மாதத்தில் அது உலகத்துக்கே வெளியாகும். அளவை ரகசியமாக வைப்பதுதான் சரி. வணிக ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தம்தான் காப்பு. வறுப்பவர், அரைப்பவர், புதிய விநியோகஸ்தர் எல்லோரிடமும் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். கடைசிக் கலவையை அம்மாவே போடட்டும். லேபிளில் பொருட்களை எடை வரிசையில் அச்சிட வேண்டும், ஆனால் எது எத்தனை கிராம் என்று போடத் தேவையில்லை.

பொடிக்கடை, திண்டுக்கல் (பன்னிரண்டு நாள் கழித்து):
எதிர்ப்பு போட்டாயிற்று, எண்ணும் வந்துவிட்டது. நம் விண்ணப்பத்தையும் 2012 முதல் பயன்பாடு என்று பிரமாணப் பத்திரத்தோடு ஏற்றிவிட்டோம். லேபிள் அடித்த பிரஸ்ஸின் முதல் பில்லை அம்மா அரிசி டின் அடியில் பத்திரமாக வைத்திருந்தார், 500 லேபிள். அதைக் கண்டெடுத்த அன்று ராத்திரிதான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

கிண்டிவாசி:
ரொம்ப சந்தோஷம். எதிர்ப்பு நோட்டீஸ் அவர் கைக்குப் போனதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அவர் பதில் தர வேண்டும். தராவிட்டால் அவர் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தந்தால், அது உங்களுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நீங்கள் சாட்சியம் போட வேண்டும். தேதியைச் சுவர் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த பில்லை இன்றே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.