கள ஆய்வுல இன்னும் உறுத்துற ஒண்ணு: இலங்கை மலையகத்து பிஎச்டிக்காரங்க சொல்லுங்க

லயத்துப் பிள்ளை:
தோட்டத்துக் கோயில் சிலைகள்தான் என் தலைப்பு, ரெண்டாம் வருசம். அதுல ஒண்ணு ரோதை முனி, தேயிலை ஸ்டோர் (ஃபாக்டரி) மெஷினுக்குக் காவல் சாமி. பழைய ஸ்டோருக்குப் பின்னால கல்லு, எண்ணெய்ப் பிசுக்கேறி கன்னங்கரேல்னு, சூலம் கீறியிருக்கும். தை மாசம் பார்த்துட்டு, "அடுத்த தடவை வந்து அளக்கிறேன்"னு கோயில் தலைவர்கிட்ட சொன்னேன். சித்திரையில போனா சுத்தி வெள்ளை டைல்ஸ், கல்லு மேல தங்கக் கலர் பெயின்ட். தலைவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "கெம்பஸ்ல இருந்து நீங்க வர்றீங்கன்னுதான் தம்பி, ஆளுக்கு ஐந்நூறு போட்டு செஞ்சோம்."
"நல்லாருக்கு மாமா"ன்னேன்.

பேராதனை பஸ்:
எனக்கு கண்டிப் பக்கம் கடலாதெனியா. 1344ல கட்டின விகாரை, தலைமைச் சிற்பி பேர் கணேஸ்வராச்சாரி. தூணை வரைஞ்சுக்கிட்டு இருந்தப்போ ஒருத்தர் சிங்களத்துல கேட்டார்: "தமிழாளுக்கு இங்க என்ன வேலை?" கோபமா இல்ல, சும்மாதான். அந்தப் பேரைச் சொல்லியிருந்தா போதும். வாயில வந்தது "அசைன்மென்ட்". பஸ் பேராதனை தாண்டினப்புறம் முழுப் பதிலும் நல்ல சிங்களத்துல வந்துச்சு.

ஊவாக்காரி:
லயத்துப் பிள்ளை, தலைவரைக் குறை சொல்ற மாதிரி இருக்கே? கும்பிடுற சாமி மியூசியம் இல்ல. டைல்ஸும் ஒரு அடுக்குதான். எந்த வருசம், யார் காசுன்னு அதையும் எழுதுங்க.

இன்னொண்ணு. 1940 தொல்பொருள் சட்டத்துல தொல்பொருள்னா 1815 மார்ச் 2க்கு முந்தினது. தேயிலைக்கு முந்தி வந்த கோப்பித் தோட்டமே அதுக்குப் பிறகுதான். அதனால லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), ஸ்டோர், முனி எதுவும் தானா அதுக்குள்ள வராது. நூறு வருசம் தாண்டின கட்டடத்தை வேணும்னா தனியா அறிவிச்சுப் பாதுகாக்கலாம், நமக்கு யார் அறிவிக்கப் போறா? அதனால முதல் நாளே அளவுகோல் வெச்சு நாலு பக்கமும் போட்டோ எடுங்க. திருவிழாவுக்கு முன்னாடி போங்க, பெயின்ட் வாளி அப்பதான் வரும். வீடுவீடா கல்யாண ஆல்பம் கேளுங்க, மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னால பழைய சாமி நிக்கும். பேராதனை பஸ், நீங்க சிங்களத்தைப் பேசிப் பழகுங்க, படிச்சா மட்டும் பத்தாது.

என் கதையா? எங்க மலையில கவ்வாத்துச் சாமி (தேயிலைச் செடியை வெட்டிவிடுற வேலைக்குக் கும்பிடுற சாமி) கல்லை சின்ன வயசுல கிரிக்கெட் ஸ்டம்பா வெச்சோம். எந்தக் கல்லுன்னு இப்போ எனக்கே தெரியல.

லயத்துப் பிள்ளை:
அக்கா, அவரைக் குறை சொல்லல. தை மாசம் டேப் என் பையிலதான் இருந்துச்சு. மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு, கடைசி பஸ்ஸுக்கு ஓடிட்டேன்.