கோலார் தங்கவயல் விபத்து மரணம்: கோப்பு தேட உதவி வேண்டும்

தாத்தாவின் அண்ணன் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை வெடிப்பில் சிக்கி இறந்தவர். இருபது வயதுகூட நிரம்பவில்லை, பாவம். 1953 அல்லது 1954. சுரங்கம் அரசுடைமையானது 1956-ல், அதற்கு முன்பு.

கையில் இருப்பது அவருடைய தொழிலாளர் எண் பொறித்த வட்டமான பித்தளை டோக்கன் மட்டும். எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களே தெரிகின்றன, மற்றவை தேய்ந்துவிட்டன.

இறப்புப் பதிவேட்டில் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடியாயிற்று. கிடைக்கவில்லை. கல்லறையில் பெயர்க்கல்லும் இல்லை.

அப்போதிருந்த 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, மரண இழப்பீட்டை நிர்வாகம் குடும்பத்திடம் நேரடியாகக் கொடுக்க முடியாது, இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டியிருந்தது. வாரிசு விவரம், விபத்துத் தேதி எல்லாம் ஆணையரின் கோப்பில் இருக்கும். பாட்டிக்குத் தேதி தெரிந்தால் திதி கொடுக்கலாம்.

அந்தக் காலத்து இழப்பீட்டுக் கோப்புகள் இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கின்றன?